பிராக்: நாலு நாளும் ஒரு விடியலும்

பிராகுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். பாதிப் பேர் ‘என்ன அழகான ஊர்!’ என்பார்கள். மீதிப் பேர் ‘கூட்டம் தாங்கலைங்க’ என்பார்கள். இரண்டு தரப்பும் பேசுவது ஒரே பாலத்தைப் பற்றித்தான். முதல் ஆள் அங்கே காலை ஐந்தரைக்குப் போனவர். இரண்டாவது ஆள் பகல் பன்னிரண்டுக்குப் போனவர்.

செக் குடியரசின் தலைநகரில் பார்க்க வேண்டிய முக்கியமான இடங்களில் பெரும்பாலானவை ஒரே கோட்டில் இருக்கின்றன. வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம் வழியாகக் கோட்டை வரை போகும் இந்தப் பாதை, அந்தக் காலத்தில் முடிசூட்டு ஊர்வலம் போன ராஜபாட்டை. மொத்தம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. வந்த பயணிகள் அத்தனை பேரும் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை அந்த மூன்று கிலோமீட்டருக்குள்தான் முட்டி மோதுகிறார்கள். ஆகவே இந்த ஊரில் எங்கே போவது என்பதைவிட எத்தனை மணிக்குப் போவது என்பதே பெரிய கேள்வி.

அதில் நமக்கு ஒரு வசதி. பிராக் நேரம் நம் நேரத்துக்குக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். கோடையில் நம் ஊரில் காலை ஏழு மணி அடிக்கும்போது அங்கே அதிகாலை மூன்றரை. முதல் இரண்டு மூன்று நாள் நாலு மணிக்கே விழிப்புத் தட்டிவிடும். மற்றவர்கள் இதை உபத்திரவம் என்று மாத்திரை போட்டுப் படுப்பார்கள். நீங்கள் எழுந்து குளித்துக் கிளம்பிவிடுங்கள்.

கிளம்பும் முன்

செக் குடியரசு ஷெங்கன் நாடுகளில் ஒன்று. பயணத்தில் அதிக நாள் அங்கேதான் என்றால் செக் தூதரகத்தின் வழியாகவே விசா வாங்க வேண்டும். ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளாவது இருக்க வேண்டும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய் அல்லது தோஹாவில் மாறிப் போவது எளிது. ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பரும் தோதான காலம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை அழகுதான்; ஆனால் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்தான் இருக்கும். ஜூனில் அதுவே பதினாறு மணி நேரம்.

துணிமணியில் எதை மறந்தாலும் நல்ல ஷூவை மறக்காதீர்கள். பழைய நகரம் முழுக்கச் சின்னச் சின்னக் கல் பதித்த தெருக்கள். செருப்பும் ஆகாது, மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூவும் ஆகாது. உருளைப் பெட்டியை அந்தக் கல்லில் இழுத்துப் போனால் சக்கரம் ஒன்று கழன்றுவிடும்.

தங்குவதற்குப் பழைய நகரத்தின் நடுவில் அறை தேட வேண்டாம். வினொஹ்ராடி, கார்லீன், ஸ்மீகோவ் போன்ற பகுதிகளில் டிராம் நிறுத்தத்துக்கோ மெட்ரோவுக்கோ பக்கத்தில் எடுங்கள். வாடகையும் குறைவு, இரவில் குடிகாரர் கூச்சலும் குறைவு.

காசு விஷயம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-லேயே சேர்ந்துவிட்டாலும் செக் நாட்டின் பணம் யூரோ ஆகவில்லை, கொருனாதான். சில கடைகள் யூரோவையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் கணக்கு அவர்கள் போடும் கணக்கு.

நாணயம் மாற்றும் கடைகளில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். முதல் தடவை போனபோது நானும் ஏமாந்தேன். பலகையில் கொட்டை எழுத்தில் ஒரு விகிதம் போட்டிருந்தது. நூறு யூரோ கொடுத்து, வந்த கொருனாவை எண்ணிப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பெரிய தொகை மாற்றுபவருக்குத்தான் அந்த விகிதமாம். அது பலகையின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. இப்போது பயணிகளுக்குச் சட்டம் துணை இருக்கிறது. 2019 முதல், 1,000 யூரோ வரையிலான தொகையை மாற்றியிருந்தால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போய் மாற்றியதை ரத்து செய்யச் சொல்லலாம். அதனால் ரசீதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். தெருவில் நின்று ‘நல்ல ரேட் தருகிறேன்’ என்பவரிடம் பேச்சே வேண்டாம். வேறு ஏதோ நாட்டின் மதிப்பில்லாத நோட்டைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஏடிஎம்மிலோ கடையிலோ அட்டையைச் செருகும்போது ‘ரூபாயில் கணக்கிடவா, கொருனாவிலா?’ என்று இயந்திரம் கேட்கும். எப்போதும் கொருனா என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை இயந்திரக்காரர் வைப்பார்.

ஊருக்குள் போக வர

மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி, 72 மணி என்று நேரக் கணக்கில் விற்கிறார்கள். தினமும் மூன்று நாலு தடவை ஏறி இறங்குவதென்றால் 72 மணி டிக்கெட் லாபம். காகித டிக்கெட் வாங்கினால், முதல் முறை ஏறும்போது மஞ்சள் பெட்டிக்குள் நுழைத்து நேர முத்திரை பதிக்க வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். ‘நான் வெளிநாட்டுக்காரன், தெரியாது’ என்றால் எடுபடாது.

விமான நிலையத்திலிருந்து டாக்ஸி தேவையில்லை. 59-ஆம் எண் டிராலி பேருந்து, பச்சைத் தடமான ‘ஏ’ மெட்ரோவின் வெலஸ்லவீன் நிலையத்தில் கொண்டுவிடும். அங்கிருந்து நகர மையம் கால் மணி நேரம்.

வயதானவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மெட்ரோ நகரும் படிக்கட்டுகள் நம் ஊரைவிட வேகமாக ஓடும், நீளமும் அதிகம். நாமெஸ்தி மீரு நிலையத்துப் படிக்கட்டு 87 மீட்டர். காலை வைக்கும் முன் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு.

முதல் நாள் மாலை: கடிகாரம்

வந்து இறங்கிய அன்று வேறு எதுவும் வேண்டாம். அறையில் பெட்டியை வைத்துவிட்டுப் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போங்கள். நகர மன்றக் கோபுரத்தின் சுவரில் இருக்கிறது ஓர்லோய் என்னும் வானியல் கடிகாரம். 1410-இல் செய்தது, இன்றும் ஓடுகிறது. காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு கயிறு இழுத்து மணி அடிக்கும், சன்னலில் இயேசுவின் பன்னிரண்டு சீடர்களும் வலம் வருவார்கள், கடைசியில் தங்கச் சேவல் கூவும். மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. ‘இதற்கா இத்தனை கூட்டம்?’ என்று பலர் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் பர்ஸும் போய்விடும், ஜாக்கிரதை.

பொம்மைகள் ஓய்ந்து கூட்டம் கலைந்த பிறகு கிட்டப் போய் முகப்பைப் பாருங்கள். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புரியும். வெளி வளையத்தில் பொன் எழுத்தில் 1 முதல் 24 வரை இருப்பது பழைய செக் மணி. அதில் நாள் தொடங்குவது நள்ளிரவில் இல்லை, சூரியன் மறையும்போது. நாம் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினோம். அவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணினார்கள். அஸ்தமன நேரம் மாற மாற அந்த வளையமும் வருடம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். முகப்பில் வளைந்து போகும் பொற்கோடுகள், பகல் நேரம் நீண்டாலும் குறுகினாலும் அதைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கின்றன. பகலை எட்டாகப் பிரித்து ராகு காலம் கணிக்கிறோமே, அதே வழிமுறை.

நடுவிலிருந்து சற்று விலகிச் சுழலும் சிறிய வளையம் ராசி மண்டலம். பொன் சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்று அதில் பார்க்கலாம். ஏப்ரல் 14 அன்று போனால் ஒரு வேடிக்கை. நம் கணக்கில் அன்றுதான் சூரியன் மேஷத்தில் காலடி வைக்கும். இந்தக் கடிகாரத்திலோ மேஷத்தில் முக்கால்வாசிக்கு மேல் கடந்திருக்கும். கடிகாரம் தப்பாக ஓடவில்லை. அவர்களுடையது சாயனக் கணக்கு, நம்முடையது நிராயனக் கணக்கு. இடையில் சுமார் 24 பாகை வித்தியாசம். பாதி கறுப்பு, பாதி வெள்ளியாக ஒரு சின்ன உருண்டை சுழல்கிறதே, அதுதான் நிலா. வளர்பிறையா தேய்பிறையா என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கோபுரத்தின் மேலே போக லிஃப்ட் இருக்கிறது. கீழே, கோபுரத்தின் அடியில் தரையில் பதித்த 27 வெண் சிலுவைகளைத் தேடுங்கள். வெள்ளை மலைப் போரில் தோற்ற செக் தலைவர்கள் 27 பேரை 1621 ஜூன் 21 அன்று இங்கேதான் கொன்றார்கள். பெரும்பாலானவர்கள் மேலே பார்த்தபடி அந்தச் சிலுவைகளை மிதித்துக்கொண்டு போகிறார்கள்.

ஒன்பது மணிக்குள் படுத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: பாலமும் கோட்டையும்

ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். செப்டம்பரில் ஆறரைக்குச் சற்று முன்போ பின்போ. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் பழைய நகரப் பக்கத்துக் கோபுர வாசலில் நில்லுங்கள். பாலத்தில் உங்களைத் தவிர ஓட்டப் பயிற்சிக்காரர் இரண்டு பேர், கல்யாணப் படம் எடுக்க வந்த ஒரு ஜோடி, அவ்வளவுதான் இருப்பார்கள். கீழே வல்தாவா ஆற்றின் தடுப்பணையில் தண்ணீர் விழும் சத்தம் அப்போதுதான் கேட்கும். பகலில் அந்தச் சத்தம் ஒருவர் காதிலும் விழாது.

1342 வெள்ளத்தில் பழைய பாலம் அடித்துப் போன பிறகு நான்காம் சார்லஸ் மன்னர் புதுப் பாலம் கட்ட முடிவெடுத்தார். கால்கோள் நாட்ட ஜோதிடர்கள் குறித்துக்கொடுத்த முகூர்த்தம் 1357, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5:31 என்று ஊரில் சொல்கிறார்கள். எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1-3-5-7-9-7-5-3-1. ஏறி இறங்கும் ஒற்றைப்படை எண்கள். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். சாந்தில் முட்டை கலந்தார்கள் என்று இன்னொரு கதை. செட்டிநாட்டுச் சுவரின் வழவழப்பைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் இருக்காது. ஊர் ஊராக முட்டை கேட்டு ஆள் அனுப்பியபோது, வெல்வரி ஊர்க்காரர்கள் வழியில் உடையாமல் இருக்கட்டும் என்று வேகவைத்து அனுப்பிவிட்டார்களாம். இன்றுவரை அந்த ஊரைக் கிண்டல் செய்ய இது போதும்.

பாலத்தின் நீளம் 516 மீட்டர், வளைவுகள் 16, இருபுறமும் சிலைகள் 30. பல சிலைகள் நகல்தான். அசல்களை அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்திவிட்டார்கள். கோட்டையை நோக்கி நடந்தால் வலப்பக்க வரிசையில், தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரத்தோடு நிற்பவர் நெபொமுக் யோவான். இங்கே நிறுத்திய சிலைகளில் மூத்தது அது, 1683. 1393-இல் அரசன் ஆணைப்படி அவரை இந்தப் பாலத்திலிருந்துதான் ஆற்றில் தள்ளினார்கள். அரசி பாவமன்னிப்பில் சொன்னதை வெளியே சொல்ல மறுத்ததால் என்பது பக்தர்கள் சொல்லும் காரணம். பீடத்தின் வெண்கலப் பலகையைத் தொட்டால் மறுபடி பிராகுக்கு வருவோம் என்று நம்பிக்கை. தொட்டுத் தொட்டு அது தங்கம்போல் மின்னுகிறது. பகலில் அதைத் தொட வரிசையில் நிற்க வேண்டும், விடியலில் தேவையில்லை.

அக்கரையில் மாலா ஸ்த்ரானா பகுதியில் காலைச் சிற்றுண்டி முடித்து, 22-ஆம் எண் டிராமில் ஏறிக் கோட்டை நிறுத்தத்தில் இறங்குங்கள். செங்குத்தான படிகளில் ஏறி மூச்சு வாங்க வேண்டியதில்லை. திரும்பும்போது அந்தப் படியில் இறங்கி வரலாம். கோட்டை வளாகம் காலை ஆறுக்கே திறந்துவிடும், அதற்குக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் கட்டடங்களுக்குத்தான் டிக்கெட். அவை ஒன்பதுக்குத் திறக்கும். ஒன்பதுக்கு முதல் ஆளாக நின்றால் முதலில் தூய வீட்டஸ் பேராலயத்துக்குள் நுழைந்துவிடுங்கள்.

அந்தப் பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1344-இல், முடித்தது 1929-இல். கூர்ந்து பார்த்தால் கிழக்குப் பாதிக் கல்லும் மேற்குப் பாதிக் கல்லும் வேறு வேறு காலத்தவை என்பது தெரியும். மேற்குப் பாதியில் ஓவியர் முஹா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சன்னலைக் காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வென்சஸ்லாஸ் சிற்றாலயத்தின் மூலையில் ஒரு கதவு. அதற்கு ஏழு பூட்டு, ஏழு சாவி, ஏழு பேரிடம். உள்ளே இருப்பது மணிமுடி.

பழைய அரண்மனையில் ஒரு சன்னலைக் காட்டுவார்கள். 1618 மே 23 அன்று இரண்டு ஆளுநர்களையும் அவர்களுடைய எழுத்தரையும் அதன் வழியாக வெளியே தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். தேவமாதா தாங்கினாள் என்றது ஒரு கட்சி. குப்பைமேடு தாங்கியது என்றது மறு கட்சி. ஐரோப்பாவை முப்பது ஆண்டு எரித்த போருக்குத் தொடக்கம் அந்தச் சன்னல்தான்.

பொற்சந்து என்ற குறுகிய தெருவில் 22-ஆம் எண் நீல வீடு, 1916–17-இல் எழுத்தாளர் காஃப்கா உட்கார்ந்து எழுதிய இடம். அத்தனை சிறிய வீட்டில் இன்று நினைவுப் பொருள் விற்கிறார்கள். பதினொன்றரைக்கெல்லாம் கோட்டையை விட்டு இறங்கிவிடுங்கள். எதிரே ஏறி வரும் கூட்டத்தைப் பார்த்தால் விடியலில் எழுந்ததன் பலன் தெரியும்.

மூன்றாம் நாள்: யூதர் பகுதியும் வென்சஸ்லாஸ் சதுக்கமும்

யோசெஃபோவ் என்னும் யூதர் பகுதியில் பார்க்கும் இடங்கள் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். அதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். சுமார் 1270-இல் கட்டிய பழைய–புதிய தொழுகைக்கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆண்கள் தலையை மூட வேண்டும். கல்லறைத் தோட்டத்தை விரிக்க இடமில்லாததால் மண் போட்டு அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பக்கத்தில் பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 78,000 செக் யூதர்களின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரின் நிறம் சாம்பல் போலத் தெரியும். கிட்டப் போனால்தான் எல்லாம் பெயர் என்பது புரியும். இங்கே அவசரப்படாதீர்கள், படம் எடுக்கவும் வேண்டாம்.

வெளியே வந்தால் ஆற்றங்கரையில் யான் பலாஹ் சதுக்கம். அதில் இருப்பது 1348-இல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப் புலம். ‘முருகனின் முறுவல்’ என்ற பெயரில் தமிழிலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய கமில் சுவலபில் பிராகில் பிறந்தவர், இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். 1968-இல் சோவியத் டாங்கிகள் நகருக்குள் நுழைந்த பிறகு அவர் நாட்டை விட்டுப் போனார். அதே புலத்து மாணவர்தான் பலாஹ். டாங்கிகளை எதிர்த்து 1969 ஜனவரி 16 அன்று வென்சஸ்லாஸ் சதுக்கத்தில் தீக்குளித்தபோது அவருக்கு வயது இருபது. தேசிய அருங்காட்சியகத்தின் வாசலில், நடைபாதை உருகி எழுந்ததுபோல் ஒரு வெண்கலச் சிலுவை இருக்கிறது. அது அவருக்காக வைத்தது. இருபது ஆண்டு கழித்து, 1989 நவம்பரில், இதே சதுக்கத்தில் லட்சக்கணக்கானவர்கள் சாவிக் கொத்தைக் குலுக்கிக் கம்யூனிஸ்ட் ஆட்சியை வழியனுப்பினார்கள்.

சதுக்கத்தின் கீழ்க்கோடியில் கண்ணாடி முகப்புள்ள பாட்டா கடை. ஆமாம், நம் பள்ளிக்கூட ஷூ பாட்டாதான். 1894-இல் ஸ்லீன் என்ற செக் ஊரில் பிறந்த கம்பெனி அது. யாவா மோட்டார் சைக்கிளும் இந்த நாட்டுச் சரக்கே. அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் காஃப்காவின் தலை: 42 அடுக்காகச் சுழலும் எஃகுத் தகடுகள் பிரிந்து பிரிந்து மறுபடி முகமாகச் சேரும்.

நாலாம் நாள்: இரண்டில் ஒன்று

கால் வலித்தால் விஷெஹ்ராட். ‘சி’ மெட்ரோவில் அதே பெயரில் நிலையம் உண்டு. ஆற்றுக்கு மேலே பாறையில் பழைய கோட்டை, கூட்டமில்லாத புல்வெளி, நுழைய இலவசம். கல்லறைத் தோட்டத்தில் இசைமேதைகள் த்வொர்ஷாக், ஸ்மெதனா இருவரும் இருக்கிறார்கள். 1920-இல் எழுதிய நாடகத்தால் ‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த காரெல் சாப்பெக்கும் அங்கேதான். செக் மொழியில் ‘ரோபொதா’ என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை.

கால் தெம்பாக இருந்தால் குட்னா ஹோரா. ரயிலில் ஒரு மணி நேரம். வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர். பார்பரா தேவாலயம் ஒன்றே போதும் போய்வர. சேத்லெட்ஸில் மனித எலும்புகளால் அலங்கரித்த சிற்றாலயம் இருக்கிறது. சின்னக் குழந்தைகளை அழைத்துப்போக வேண்டாம்.

வயிற்றுப்பாடு

சைவர்கள் ‘நெயீம் மாஸோ’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். ‘இறைச்சி சாப்பிடுவதில்லை’ என்று பொருள். மாம்சம் என்ற வடசொல்லுக்கும் மாஸோவுக்கும் ஒரே வேர், அதனால் மறக்காது. எல்லா உணவகத்திலும் கிடைப்பது ‘ஸ்மஷெனீ ஸீர்’: ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக் கட்டி. உருளைக்கிழங்கு சூப்பில் பன்றித் துண்டு இருக்கக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள். தட்டை எடைபோட்டுக் காசு வாங்கும் இந்தியச் சைவ உணவகங்களும் நகரில் உண்டு. அசைவர்கள் குலாஷும், ஆவியில் வெந்து துண்டு போட்ட க்னெட்லீக்கும் கேட்கலாம். ‘பழம்பெரும் பிராக் பலகாரம்’ என்று தெருவுக்குத் தெரு சுட்டு விற்கும் த்ர்தெல்னீக், பயணிகளுக்காகச் சமீப காலத்தில் பெருகியது. ருசிக்காக ஒன்று சாப்பிடுங்கள், பாரம்பரியத்துக்காக வேண்டாம்.

உணவகத்தில் கேட்காமலே மேஜையில் வைக்கும் ரொட்டிக்கும் பில் வரும். தண்ணீருக்கும் காசு. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. பாட்டிலில் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். பொதுக் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும். அவசர உதவிக்கு 112.

இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் கோட்டையின் உள்ளறைகளை விட்டுவிடலாம், குட்னா ஹோராவையும் விடலாம். பாலத்தில் ஒரு விடியலையும், கூட்டம் கலைந்த பின் கடிகாரத்தின் முன் அரைமணியையும் விடாதீர்கள். மிஞ்சிய கொருனாச் சில்லறையை விமான நிலையத்துக் காப்பியில் கரைத்துவிடுங்கள். நாணயமாகக் கொண்டுவந்தால் நம் ஊரில் மாற்றித் தர ஆள் கிடைக்காது.